நானூறு பைசா

தக்காளி கிலோ நானூறு பைசா என்று
மஸ்கட்டிலிருந்து ஏகாம்பரம் சொன்ன முதல் மாதம்
நாலு ரூபாய்தானா என்று சிரித்தேன்.
அங்கே ஆயிரம் பைசா ஒரு ரியாலாம்,
ஒரு ரியால் நம்மூரில் இருநூற்றுச் சொச்சம்.
பெருக்கினபின் சிரிப்பு வரவில்லை.
"தொண்ணூறு ரூபாய்க்குத் தக்காளி தின்னாதே" என்றேன்.
"பெருக்கினா இங்க தண்ணிகூடக் குடிக்க முடியாதுடி."

பாபுராவ் தெருவில் என் கடை,
ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜு வரிசைக்கும் நடுவில்,
எட்டடிக்குப் பத்தடி.
அரிசி, பருப்பு, நாள் வாடகைக்கு கேஸ் அடுப்பு,
குண்டான் இரண்டு, கரண்டி ஒன்று.
போர்டில் தமிழுக்குக் கீழே வங்காளம்.
எழுதின பெயின்டருக்கும் படிக்கத் தெரியாது;
யாரோ ஒரு நோயாளியின் தம்பி
சீட்டில் வரைந்து தந்ததைப் பார்த்து எழுதினான்.
அதில் ஒரு எழுத்து தலைகீழாம்.
வருகிறவர்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான்
சாமான் கேட்கிறார்கள்.

மொமெனா வந்தது மாசிக் கடைசியில்.
பரிசால் பக்கம் ஏதோ ஊர். புருஷனுக்குக் கிட்னி.
"கொத்தோ?" என்பாள்.
விலை சொல்வேன்.
கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில்
ஏறி இறங்கி ஏறும்.
ரூபாய் டக்காவாகும்வரை
பின்னால் நிற்பவர்கள் பொறுக்க வேண்டும்.

வெங்காயம் இங்கே மலிவு.
அவளூருக்குப் போவதும் நம் வெங்காயந்தான் என்று
கைகளாலேயே சொன்னாள்:
ஒரு லாரி, ஒரு கேட்டு,
கேட்டைத் தாண்டினதும் தலைக்குமேல் உயர்ந்த கை.
மைசூர் பருப்பு ஏறக்குறையச் சரிக்குச் சரி.
கடுகெண்ணெய் இங்கே கூடுதல் என்று
ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒருமுறை சண்டை.
மீன் பேச்சை எடுக்கவே மாட்டாள்.
பாலாற்றுப் பாலத்தில் பஸ்ஸில் வரும்போது
எட்டிப் பார்த்திருக்கிறாள்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு மட்டும்
அவளிடம் விலை இல்லை.
அங்கே இல்லாததை எதோடு வைத்துப் பார்ப்பாள்?
காம்பு முள் குத்தின விரலைச் சப்பிக்கொண்டு
அரைக் கிலோ போடச் சொன்னாள்,
எண்ணாமல்.

கடை சாத்தினபின்
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
மூன்று கோடு இழுத்தேன். ரூபாய், டக்கா, ரியால்.
முட்டை, பால், பச்சை மிளகாய்.
பூண்டு மஸ்கட்டில் சீனாவிலிருந்து வருகிறதாம்,
மொமெனா ஊரிலும் அப்படித்தானாம்.
ஏகாம்பரம் சம்பளம் ரியாலில்.
அவள் விற்றது இரண்டு பிகா நிலம், டக்காவில்.
ஒரு டயாலிசிஸ் எத்தனை மூட்டை அரிசி என்று
அவள் கேட்டதில்லை,
நான்தான் போட்டுப் பார்த்தேன்.
விடை வந்ததும் பேனாவால் அடித்துவிட்டேன்,
இந்தப் பக்கம் தெரியாதபடி.

மூன்று கோட்டிலும் மலிவு உப்புதான்.
அதை மட்டும் அவள் வாங்கியதில்லை.
அவருக்குக் கூடாதென்று டாக்டர் சொன்னார்;
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
ஆனாலும் ஒரே குண்டான், ஒரே குழம்பு.

வைகாசியில் பன்னிரண்டு நாள் ஆளைக் காணோம்.
லாட்ஜுப் பையன் ஐ.சி.யூ. என்றான்,
அப்புறம் தெரியாது என்றான்.

பதின்மூன்றாம் நாள்
அடுப்பைத் திருப்பித் தர வந்தாள்.
நான் கொடுத்தபோது இல்லாத பளபளப்பு அதில்.
முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
போகாமல் நின்றாள்.
"லோபோன்" என்றாள்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும்,
அவள் வாயிலிருந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.
ஒரு பாக்கெட்டா என்று விரலைக் காட்டினேன்.
தலையாட்டினாள்.
டாக்டர் விட்டுவிட்டாரா, இல்லை
அவருக்கென்று ஆக்க வேண்டியதில்லையா,
அதைக் கேட்க எனக்கு வங்காளம் போதாது.
தமிழில் யாராவது இருந்தாலும்
கேட்டிருப்பேனா தெரியவில்லை.

"கொத்தோ?"
சொன்னேன்.
கட்டைவிரல் முதல் கணுவுக்குப் போயிற்று,
இரண்டாவதுக்கு.
பிறகு விரல்களை மடக்கிக்கொண்டு
பணத்தை வைத்தாள்.

ராத்திரி போனில் கேட்டேன்,
மஸ்கட்டில் உப்பு இன்னா விலை என்று.
நோட்டில் நான் எழுதி வைத்திருந்தது
யாரோ சொன்ன கணக்கு.
"உப்பா?" என்றார் ஏகாம்பரம்.
"அத யாருடி விலை பாத்து வாங்குவா?"